கூடில்லாத் தோட்டா

4 ஏப்ரல் 1988, திங்கள்

ஈஸ்டர் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனால் என் மேசை மேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே பஞ்சு விரித்து, அதன் மேல் வரிசையாக ஐம்பது மஞ்சள் கட்டிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"என்ன அண்ணாச்சி, ஈஸ்டருக்கு மிட்டாய் அனுப்பியிருக்காங்க போல?" என்றான் ஒச்சப்பன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுபோல் பாவனை வேறு. பதினாறு வருடமாகத் துப்பாக்கி பக்கத்தில் நிற்கிறவன், உசிலம்பட்டிக் குசும்பு மட்டும் போகவில்லை.

டாக்டர் நாகபூஷணம் வந்து விளக்கினார். இது அவர் மூளையில் பிறந்த புதுத் தோட்டா. பித்தளைக் கூடே கிடையாது. மருந்தையே கட்டியாக இறுக்கி, அதன் நெற்றியில் குண்டைப் பதித்திருக்கிறார்கள். சுட்டால் கட்டி முழுவதும் எரிந்துபோகும். கீழே விழ ஒன்றும் இருக்காது. சிப்பாய் சுமக்கிற எடை பாதியாகும் என்றார்.

"அப்ப நான் எதை வச்சு சரி பாக்கிறது சார்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மேலதிகாரிகளுக்கு எப்போது புரிந்திருக்கிறது!

பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். எங்கள் ரேஞ்சில் தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கிறோம். துப்பாக்கி இரும்புத் தாங்கியில் பூட்டியிருக்கும். ஒச்சப்பன் தோட்டாவைப் போட்டு, மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால் போய்க் கயிற்றை இழுப்பான். பதிவு அறையில் நான் ஒவ்வொரு வெடிக்கும் தாளில் ஒரு கோடு போடுவேன். ஒரு சுற்று முடிந்ததும் அவன் கீழே விழுந்த காலிக் கூடுகளைப் பொறுக்கி மனதுக்குள் எண்ணிக்கொண்டு, "அண்ணாச்சி, எத்தனை?" என்று கத்துவான். நான் கோடுகளை எண்ணிச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் நான் வெள்ளைக்கொடி தூக்கி "சுத்தம்!" என்று குரல் கொடுப்பேன். அதன் பிறகுதான் ஒரு மனிதன் துப்பாக்கிக்கு முன்னால் போகலாம். எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பதிவாளர் மட்டும் வைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக நான் வைத்ததில்லை. என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

5 ஏப்ரல், செவ்வாய்

ஐம்பதில் பதினொன்று கையிலேயே பொடிந்துவிட்டன. உடைந்ததை உடனே தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. சாயங்காலம் பார்த்தால் கட்டிகள் கரைந்து வாளி முழுக்க மஞ்சள் கஷாயம். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவமாக இருந்தது.

8 ஏப்ரல், வெள்ளி

எண்ணுகிற சிக்கலுக்கு ஒச்சப்பனே வழி கண்டுபிடித்துவிட்டான். சட்டைப்பை நிறையப் புளியங்கொட்டை. ஒவ்வொரு மிட்டாயையும் துப்பாக்கியில் போடும்போது ஒரு கொட்டையைப் பழைய பிஸ்கட் டின்னில் போடுகிறான். கடைசியில் டின்னைக் கவிழ்த்து எண்ணிவிட்டு வழக்கம்போல "எத்தனை?" என்கிறான்.

"இதெல்லாம் எதுக்குலே? என் தாள் இருக்குல்லா?" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்களுக்கும் ஒரு தொணை வேணும்ல" என்று சிரித்தான்.

நல்ல யோசனைதான் என்று டாக்டரும் தலையாட்டினார்.

17 ஏப்ரல், ஞாயிறு

புதிதாக வந்த போதகர் வாய்க்குள்ளேயே பிரசங்கம் பண்ணுகிறார். இனிமேல் இடப்பக்க பெஞ்சில் உட்காரலாம் என்று நினைக்கிறேன், அங்கிருந்து தெளிவாக விழும்.

மத்தியானம் வீட்டுக்காரி எமிலியோடு சண்டை. "மூணு விசில் வந்ததும் அணைங்கன்னு சொன்னேன்லா? ஆறு விசில் வந்துட்டு, பருப்பு அடிப்பிடிச்சு நாறுது. கிட்டத்தானே உக்காந்திருந்திய?" என்கிறாள். வந்தது ஒன்றே ஒன்று. இவளுக்கு எண்ணத் தெரியாது.

26 ஏப்ரல், செவ்வாய்

மூன்றாவது தயாரிப்பு வந்திருக்கிறது. முதலாவது பொடிந்தது, இரண்டாவது ஈரக்காற்றில் ஊதிப்போனது. இதற்கு மேலே ஏதோ வார்னிஷ் பூசியிருக்கிறார்கள், பளபளவென்று அழகாக இருக்கிறது.

ஆனால் சூடு தாங்கவில்லை. பித்தளைக் கூடு வெளியே விழும்போது சூட்டில் பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். இதில் அத்தனை சூடும் துப்பாக்கிக்குள்ளேயே தங்குகிறது. ஒச்சப்பன் குழாய் மேல் தண்ணீர் தெளித்துக் காட்டினான். சொய்ங் என்று பொங்கியது.

"தோசையே ஊத்தலாம் அண்ணாச்சி. பத்துக்கு ஒருக்கா ஆற விடணும்னு டாக்டர்ட்ட சொல்லுங்க."

சொன்னேன். மே கடைசியில் டெல்லியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம், அதற்குள் ஆயிரம் சுட்டுக் காட்ட வேண்டுமாம். இருபது இருபதாகப் போடுங்கள் என்றார்.

வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. வேலை நெருக்கடி என்று எழுதித் தள்ளிப்போட்டேன். காது மந்தமென்று தெரிந்தால் பதிவு அறையிலிருந்து கிளப்பி ஸ்டோரில் ஆணி எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். சக பதிவாளர் வரதனுக்கு அப்படித்தான் ஆயிற்று. எனக்கு அந்தக் கவலையில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

5 மே, வியாழன்

கத்திரி வெயில். எனக்கு இடப்பக்கம் எங்கள் துப்பாக்கி, வலப்பக்கம் ரேஞ்சின் அடுத்த சுடுதளமான மூன்றாம் பாதைத் துப்பாக்கி. அங்கே பழைய தோட்டாக்களை விடாமல் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், தலைவலி.

வேலையில் ஒரு வேகம் பிடித்துவிட்டேன். ஒச்சப்பன் கயிறு இழுக்கும்போது அவன் தோள் குலுங்குவது என் ஜன்னலில் தெரிகிறது. தோள் குலுங்கினால் ஒரு கோடு. முன்னைவிடச் சீக்கிரம் முடிகிறது.

12 மே, வியாழன்

ஒச்சப்பன் செத்துப்போய்விட்டான்.

14 மே, சனி

நேற்று அடக்கம். இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

நடந்தது இதுதான். நாலு மணிச் சுற்று. இருபது கோடுகள் போட்டேன். அவன் "எத்தனை?" என்றான். "இருபது" என்றேன். கொடி தூக்கி "சுத்தம்!" என்றேன். அவன் முன்னால் போய் இலக்கு அட்டையை மாற்றக் கை தூக்கினான். மணி நாலு பத்து. துப்பாக்கி தானாக வெடித்தது. கயிற்றருகே ஒருவரும் இல்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் வலியே இல்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்புகிறவன் மாதிரி என் அறையைப் பார்த்தபடி கிடந்தான். கர்த்தாவே.

17 மே, செவ்வாய்

விசாரணைக்கு வெளியூரிலிருந்து மேஜர் திருஞானம் வந்திருக்கிறார். என் தாளைப் பார்த்தார். அந்தச் சுற்றுக்குக் கொடுக்கப்பட்ட கட்டிகள் இருபத்தொன்று. ஒன்று உடைந்தது, வாளியில் போட்டாயிற்று என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மீதி இருபதும் வெடித்ததாகவும் என் கையெழுத்தில் இருக்கிறது.

"அப்புறம் வெடிச்சது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

அவரே ஒரு பதில் கட்டிவிட்டார். உடைந்ததாகச் சொன்ன கட்டி உடையவே இல்லை. ஒச்சப்பன் அதை ஒளித்துவைத்து, விளையாட்டாகவோ விஷமமாகவோ இருபத்தொன்றாவதாகப் போட்டிருக்கிறான். வாளியில் எத்தனை கரைந்தது என்று இனி யார் சொல்ல முடியும்? அவன் குசும்புக்காரன் என்று நாலு பேர் சாட்சி வேறு சொல்லிவிட்டார்கள்.

பிஸ்கட் டின்னைக் காணோமாம். ரேஞ்ச் முழுக்கத் தேடுகிறார்கள்.

18 மே, புதன்

எமிலி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "பரணுல என்னத்த வச்சிருக்கிய? நேத்துலேருந்து கடகடன்னு உருளுது. எலி வந்துட்டா?"

எலியாகத்தான் இருக்கும் என்றேன்.

ரேஞ்ச் மூடிக் கிடக்கிறது, ஒருவரும் சுடுவதில்லை. சாயங்காலம் கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலு பத்துக்கு ஒரு வெடி. கண்ணாடி டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. "யாரு சுடறது?" என்று கத்தினேன். கான்டீன்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை.

சத்தம் வந்தது இடப்பக்கத்திலிருந்து.

19 மே, வியாழன்

நாலு பத்து. மறுபடியும்.

22 மே, ஞாயிறு

கோவிலுக்குக் கிளம்பி ஷூவுக்குள் காலை விட்டால் குத்துகிறது. உதறினேன், ஒரு புளியங்கொட்டை. வெளியே எறிந்தேன். பைபிளைத் திறந்தால் நடுவில் ஒன்று. எமிலி புளி கொட்டையெடுத்து மாதக்கணக்காகிறது. அவளைக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லியா?" என்றாள்.

பரணில் ஏறிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இருபது.

25 மே, புதன்

இடது காதில் எனக்கு எதுவுமே கேட்பதில்லை. அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், எமிலியைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், வெறும் சுவர். ஒரு வருடத்துக்கு மேலாகவே இப்படித்தான். ஆனால் நாலு பத்து வெடி மட்டும் அந்தக் காதில்தான் விழுகிறது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் நன்றாகக் கேட்டது.

30 மே, திங்கள்

ஒச்சப்பன் பெண்சாதி பேச்சி வந்திருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். அவள் நேரே என் வலப்பக்கம் வந்து நின்றுதான் பேச ஆரம்பித்தாள்.

"அவுக தோட்டாவத் திருடிப் போட்டாகன்னு எழுதப் போறாகளாம் அண்ணாச்சி. எழுதிட்டா வீட்டக் காலி பண்ணணுமாம், அவுகளுக்குப் பதிலா எனக்குத் தர்ற வேலையும் கெடையாதாம். அது கெடக்கட்டும். எம் பிள்ளைக பள்ளிக்கூடத்துல திருட்டுப்பய மகன்னு பேரு வாங்கணுமா?"

எமிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எத்தனைன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா கேப்பாக" என்றாள் பேச்சி. போகும்போது சொன்னாள்: "அவுகளுக்கு ஒங்க மேல உசுரு. அண்ணாச்சி வீட்டுக்குப் போனா வலது பக்கம் நின்னு பேசு, எடது பக்கம் நின்னா பாவம் சங்கடப்படுவாருன்னு எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தாக. இந்தப் புளியங்கொட்டைகூட ஒங்களுக்காகத்தான கொண்டு போனாக."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் காட்டிக்கொடுக்காமல் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான், எனக்குத் துணையாக. பாவி, பாவி, நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

31 மே, செவ்வாய்

பதினான்காம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

அவன் "எத்தனை?" என்று இரண்டு தடவை கேட்டான். நான் இருபது என்றதும் உடனே போகவில்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கடைசி வெடி நம்மளதா, மூணாம் பாதையா? காதுல பஞ்சோட எனக்குச் சரியாப் புடிபடல" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் எண்ணியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? "இருபதுன்னா இருபதுலே! எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கத்திவிட்டுக் கொடியைத் தூக்கினேன்.

நான் எண்ணியது அவன் தோளை. கொட்டையும் போட்ட தோட்டாவைத்தான் சொல்லும், வெடித்ததைச் சொல்லாது. பித்தளைக் கூடு விழுந்த காலத்தில் இப்படி நடந்திருக்காது, வெடிக்காத தோட்டாவுக்குக் காலிக் கூடு ஏது? இந்த வித்தியாசம் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. கடைசிக் கட்டி வெடிக்காமல் அந்தச் சூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, தானே பற்றிக்கொள்ளும்வரை. மூன்றாம் பாதை வெடி என் நல்ல காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

டின் என்னிடம்தான் இருக்கிறது. எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அதை என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இருபது கொட்டை என்றால் போட்டது இருபது தோட்டாதான். அப்படியானால் என் தாள் பொய்.

7 ஜூன், செவ்வாய்

விசாரணை நாளை மறுநாள் முடிகிறது. டின்னைக் கொண்டுபோய் மேஜர் மேசை மேல் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் பேச வேண்டியதில்லை, கொட்டைகளே பேசிக்கொள்ளும். அந்த நினைப்பில் இன்று கொஞ்சம் சோறு இறங்கியது.

8 ஜூன், புதன்

கொண்டுபோகுமுன் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று.

மறுபடி எண்ணினேன். பாய் விரித்து, ஐந்தைந்தாகப் பிரித்து வைத்து எண்ணினேன். நாலு ஐந்தும், தனியாக ஒன்றும். எமிலியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "இருபத்தொண்ணு இருக்கு. இதுக்கா இப்படி வேர்க்குது?" என்றாள். நீ எதையாவது எடுத்துப் போட்டாயா என்று கேட்டேன். அந்த டின்னை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள்.

என் பொய்க்கு இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. இதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் ஒச்சப்பன் இருபத்தொன்று போட்டான் என்று ஊரே நம்பும். நான் பென்ஷன் வரைக்கும் பதிவு அறையில் உட்கார்ந்திருக்கலாம். யார் எனக்கு இந்த உதவியைச் செய்தது? செய்தவர் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்?

ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தேன். நாலு பத்துக்கு வெடி கேட்டது. திரும்ப எண்ணினேன். இருபத்தொன்று.

9 ஜூன், வியாழன்

போனேன். மேஜர், டாக்டர் நாகபூஷணம், தட்டச்சுக்காரர், சாட்சியாகக் கூப்பிட்டிருந்த பேச்சி. டின்னை மேசையில் வைத்தேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுல சார்."

மேஜரின் முகம் கறுத்தது. பிறகு கொட்டைகளைக் கொட்டி, தானே எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. "இருபத்தொண்ணு. நான் சொன்னதுதான். தாள்ல இருபது, டின்ல இருபத்தொண்ணு. கூட ஒண்ணு போட்டிருக்கான். நீங்க இதை மறைச்சது அவனைக் காப்பாத்தத்தான்னு எழுதிக்கிறேன். விஷயம் முடிஞ்சது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியல சார்" என்றேன். "டின்னைப் பாக்காதிய. தாள் பொய். நான் வெடிய எண்ணல. என் இடது காது செத்து ஒரு வருசமாச்சு."

"சும்மா இருங்க ஐயா. இத்தனை நாள் நான் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான பதில் சொன்னீங்க?"

"வலது காதால கேட்டு, உங்க வாயப் பாத்துச் சொன்னேன். சந்தேகம் இருந்தா இந்தப் பக்கம் வந்து பேசிப் பாருங்க."

அவருக்கு எரிச்சல். ஆனாலும் எழுந்து வந்தார். வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் நின்றது. எல்லாம் நின்றது. அந்தச் சுவருக்குள் ஒன்றுமே இல்லை. கேட்கவில்லை என்று தலையசைக்கப் போனேன்.

அப்போது பக்கத்திலேயே, மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து கத்துகிற அதே குரலில், அதே சிரிப்போடு கேட்டது.

"அண்ணாச்சி, எத்தனை?"

"பத்தொம்பதுலே" என்றேன். "பத்தொம்பதுதான் வெடிச்சுது. ஒண்ணு உள்ள இருக்கு. போவாத. ஒச்சப்பா, முன்னால போவாதலே!"

கண்ணைத் திறந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கை மேலே தூக்கியிருந்தது, கொடி பிடிப்பதுபோல. மேஜர் இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தார். பேச்சி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் உங்க பேரைத்தான் கேட்டேன்" என்றார் மேஜர். சுவர்க்கடிகாரத்தில் நாலு பத்து. வெடி எதுவும் வரவில்லை.

10 ஜூன், வெள்ளி

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். ஒச்சப்பன் மேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தது. இருபது போட்டான், பத்தொன்பது வெடித்தது, பதிவாளர் தவறாகச் 'சுத்தம்' கொடுத்தார். எல்லாம் நான் சொன்னபடிதான்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிப் பொருள்: பிஸ்கட் டின் ஒன்று, புளியங்கொட்டை இருபது. தட்டச்சுக்காரரைக் கேட்டேன்.

"நேத்து மேஜர் இருபத்தொண்ணுல்லா எண்ணினாரு?"

"சீல் வைக்கிறதுக்கு முன்னாடி நானே ரெண்டு தடவை எண்ணித்தான் சார் அடிச்சேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

20 ஜூன், திங்கள்

ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். இலாகா நடவடிக்கை முடியும்வரை ஆணியும் திருகும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் என்ன தண்டனை வந்தாலும் வரட்டும், நான் செய்ததற்கு அது காணாது. டாக்டர் தன் தோட்டாவுக்கு நான்காவது தயாரிப்பு கேட்டு எழுதியிருக்கிறாராம். இனிமேல் சுற்று முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் கொடி தூக்க வேண்டுமாம். வீடு பேச்சிக்கே.

நாலு பத்துக்கு வலது காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. ஐந்து மணி வரைக்கும் காத்திருந்தேன், அவன் ஒருதரம் கூப்பிட மாட்டானா என்று.

வீட்டுக்கு வந்ததும் குக்கர் எத்தனை விசில் என்று எமிலியைக் கேட்டேன். மூன்று என்றாள். அடுப்பை அணைத்தேன்.